பத்த வையி மருமவனே!

கூச்சப்படாத. கொல்லையில போயி வேப்பமரத்துக்குப் பின்னால ஒளியணும்னு இல்ல. ஒங்கம்மைக்கு எப்பவோ தெரியும், அவ மூக்கு என்ன அடைச்சா கெடக்கு? திண்ணையிலேயே உக்காந்து பத்த வையி. மெட்ராசுல கம்பெனி வேலை. அமெரிக்காக்காரன் முழிச்சிருக்கையில நீயும் முழிச்சிருக்கணும். மேனேசரு பய நடுச்சாமத்துல போன் அடிப்பான். டென்சன். டென்சன் வந்தா மனுசன் ஒரு சிகரெட்டு குடிக்கப்பிடாதா? நல்லாக் குடி.

ஒண்ணே ஒண்ணு கேக்கேன். இன்னைக்குக் காலையில எந்திரிச்சதும் பல்லுகூட வெளக்காம கொல்லைக்கு ஓடுனியே, அப்ப என்ன டென்சன்? நீ லீவுல இருக்க. மேனேசரு தூக்கத்துல இருப்பான். அடுப்பங்கரையில ஒங்கத்தை இட்லி அவிச்சிக்கிட்டு இருந்தா. இட்லி வேக நேரமாச்சுன்னு ஒரு டென்சனா?

காரணத்த நான் சொல்லுதேன், இழுத்துக்கிட்டே கேளு. நிக்கோடின்னு ஒரு சரக்கு. புகைய உள்ள இழுத்த பத்து இருபது நொடியில மண்டைக்குப் போயிரும். ரெண்டு மணி நேரத்துல ரத்தத்துல பாதியாக் கொறைஞ்சிரும். கொறையக் கொறைய படபடப்பு, எரிச்சல், பொண்டாட்டி வாயத் தொறந்தாலே குத்தம். அடுத்தத பத்த வைக்க, எல்லாம் அடங்கிருது. ‘ஆகா, சிகரெட்டுதான் நம்ம டென்சனப் போக்குது’ன்னு நெனைச்சுக்கிடுத. தேள வீட்டுக்குள்ள விட்டவனே பொறவு வந்து வெசம் எறக்கிட்டுத் தட்சணை வாங்கிட்டுப் போவானாம், அந்தக் கதைதான். சிகரெட்டத் தொடாத ஒங்கப்பன் காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் ஓசியா இருக்கிற நெலைக்கு, நீ காசு கொடுத்துப் போயிட்டுப் போயிட்டு வாற.

2014-ல பி.எம்.ஜே.ன்னு இங்கிலாந்து வைத்தியப் பத்திரிகையில 26 ஆய்வச் சேத்துப் பாத்து எழுதியிருந்தாங்க. புகைய விட்டவங்களுக்குப் படபடப்பும் மனச்சோர்வும் கொறைஞ்சிருக்கு, விடாதவங்களுக்கு அப்பிடி இல்ல. கரிசக்காட்டுக் கெழவனுக்கு பி.எம்.ஜே. எப்பிடித் தெரியும்னு முழிக்காத. மழை இல்லாத வருசத்துல வேற என்ன சோலி, பேரன் செல்லுல எடுத்துக் கொடுக்கான், நான் கண்ணாடிய மாட்டிக்கிட்டுப் படிக்கேன்.

சரி, ஒன் கதை கெடக்கட்டும். நேத்து சேக்காளிகளச் சேத்துக்கிட்டு, கோயில் கொடைக்கு வந்த இடத்துல ‘புகை நமக்குப் பகை’ன்னு கம்மாய்க்கரைத் தெருவுல பேனர் கட்டுனியே, பெரிய காரியம். பேனர் கட்ட மேல ஏறுன பய, எறங்குனதும் மொத வேலையா ஒரு பீடியப் பத்த வச்சான். நீ பாக்கல, நான் பாத்தேன். நீ பாக்காததுக்குக் காரணம், அந்நேரம் நீ மறைவுல நின்னு ஒன் சோலியப் பாத்துக்கிட்டு இருந்த. அந்தானைக்குத் திரும்பி வந்து, “படிப்பு இல்லாத பயலுவ மாமா, சொன்னாப் புரியாது”ன்ன பாரு, அங்கனதான் எனக்குச் சிரிப்பு வந்துட்டு.

அந்தத் தெருவ நீ என்னைக்கு நல்லாப் பாத்த? விடியறதுக்கு முன்ன ஆம்பளைங்க கட்டட வேலைக்குக் கோயில்பட்டிக்குப் போயிருவாங்க. வேன் வந்ததும் பொம்பளைங்க தீப்பெட்டி ஆபீசுக்குப் போயிருவாங்க. வாசகசாலையில பூட்டு தொங்குது. பிள்ளைங்க வெளையாடுன பொட்டல்ல சீமைக்கருவை மண்டிக் கெடக்கு. டாக்டரப் பாக்கணும்னா ஒரு நாள் கூலி போச்சு. ஆனா பெட்டிக்கடை மட்டும் தெருவுல மூணு இருக்கு. கட்டப் பிரிச்சு, பீடிய கிளாசுல நட்டமா நிறுத்தி வச்சிருப்பான். பக்கத்துல தீ கனியிற கயிறு தொங்கும், தீப்பெட்டிச் செலவுகூட இல்ல. ஊரே தீப்பெட்டி பண்ணுது, அந்தத் தீப்பெட்டி 2021 டிசம்பர்லதான் ஒரு ரூவாயிலேருந்து ரெண்டு ரூவாயாச்சு, அதையும் மிச்சம் பிடிக்கக் கயிறு! அரிசிக்குக் கடன் கேட்டா முகத்தச் சுளிக்கிற கடைக்காரன், பீடிக்குன்னா நோட்ட விரிச்சு வச்சிருப்பான்.

சர்க்காரு சும்மா இருக்குதுன்னு சொல்லப்பிடாது. 2003-லேயே சட்டம். பொது இடத்துல புகைக்கத் தடை, 2008 அக்டோபர் 2-லேருந்து ஒழுங்கா நடைமுறை, மீறுனா 200 ரூவா வரைக்கும் அபராதம். 2016-லேருந்து பாக்கெட்டுல 85 சதவீதத்துக்கு எச்சரிக்கைப் படம். நல்ல ஏற்பாடு. ஆனா கிளாசுலேருந்து ஒத்தப் பீடிய உருவுறவன் படத்த எங்க பாத்தான்? படத்தப் பாத்துப் பயப்படணும்னாலும் முழுக்கட்டு வாங்குற வசதி வேணும் மருமவனே.

இன்னொரு சங்கதி இருக்கு, அது ஒங்க பேனர்ல எழுத முடியாது. வேலை நடக்கிற இடத்துல போயி நின்னு பாரு. கொத்தனாரு கையாளு மம்பட்டியக் கீழ வச்சிட்டு சும்மா உக்காந்தான்னா, மேஸ்திரி “என்னலே, மாமியா வீட்டுக்கா வந்திருக்க?”ம்பான். அதே பய வாயில ஒரு பீடிய வச்சிக்கிட்டு உக்காரட்டும், மேஸ்திரி மூச்சு விட மாட்டான். “எனக்கு ஒண்ணு இருக்காலே?”ன்னு கையவும் நீட்டுவான். அந்தப் பீடி எரிஞ்சு முடியிற வரைக்கும் அவன யாரும் ஏவப்பிடாது. அது எழுதாத சட்டம். நாள் பூரா அவனுக்குன்னு உள்ள நேரம் அவ்வளவுதான். பக்கத்துல கல்லு சொமக்குத பொம்பளைக்கு அந்தப் பீடி சாக்கும் கெடையாது, அவ சொமந்துக்கிட்டேதான் இருப்பா.

இங்கிலாந்துல ஹிலாரி கிரஹாம்னு ஒரு அம்மா, 1980-கள்ல ஏழைத் தாய்மாருங்களப் பத்தி ஆராய்ச்சி பண்ணி இதையேதான் சொன்னா. பிள்ளைங்களோட ரவுசும் கையில காசில்லாத கவலையும் சேந்து கழுத்த நெரிக்கையில, அவங்களுக்குன்னு கொஞ்ச நேரம் ஒதுங்க சிகரெட்டுதான் சாக்கு. வெள்ளைக்காரியும் கம்மாய்க்கரைக்காரனும் ஒரே சாக்கு. ஒங்க கம்பெனியிலயும் புகைக்கிறவன்தான் கீழ எறங்கி வாரான், மத்தவன் நாக்காலியிலேயே கெடக்கான், இல்லைன்னு சொல்லு பாப்போம்.

அந்தத் தெருவுல ஒருத்தன் பீடிய விட்டுட்டான்னு வச்சுக்கோ. சாயங்காலம் எங்க போவான்? இருக்கது ஒரு டீக்கடை பெஞ்சு. நாளைக்கு எங்க வேலை, எந்த மேஸ்திரி ஆள் தேடுதான், எவன் கூலியப் பாக்கி வச்சிட்டு ஓடுனான், எல்லாச் சேதியும் அந்தப் பெஞ்சுலதான். அங்கன உக்காந்தா ரெண்டு பக்கமும் புகை, நீட்டுற பீடிய வேண்டாம்னா “துரை ஆயிட்டாருல”ன்னு நக்கல். பெஞ்ச விட்டா வேலைச் சேதி போச்சு, பெஞ்சுல உக்காந்தா வைராக்கியம் போச்சு. நீ விட்டேன்னா ஒனக்கு ஜிம்முக்குப் போக வழி இருக்கு, மலைக்குப் போக வழி இருக்கு. அவனுக்கு கம்மாய்தான் இருக்கு, அதுலயும் தண்ணி இல்ல.

ஏழைகிட்ட புகை ஒட்டிக்கிட்டது நம்மூரு கூத்து மட்டும்னு நெனைக்காத. 1948-ல இங்கிலாந்துல ஆம்பளைங்க நூத்துக்கு 82 பேரு புகையிலைக்காரங்க, துரைன்னும் கூலின்னும் பேதம் இல்ல. 1950-ல ரிச்சர்டு டால், பிராட்போர்டு ஹில்லுன்னு ரெண்டு பேரு சிகரெட்டு நுரையீரல் புத்துநோய்க்கு ஒரு முக்கியக் காரணம்னு எழுதுனாங்க. ஆராய்ச்சி பண்ணப் பண்ண டாலே புகைய விட்டுட்டாரு. பொறவு டாக்டருங்க விட்டாங்க, காசுள்ளவங்க விட்டாங்க. இப்ப அங்க ஒடலொழைப்பு வேலை செய்யிறவங்க கிட்டதான் அதிகம் தங்கியிருக்கு. புத்திமதி எல்லாத் தெருவுக்கும் ஒண்ணு போலத்தான் போச்சு, கடைப்பிடிக்கிறதுக்கான தெம்பு அப்பிடிப் போகல.

இந்தியாவுல 2016-17-ல எடுத்த கணக்குல பெரியவங்கள்ல நூத்துக்கு 7.7 பேரு பீடி, 4 பேரு சிகரெட்டு. ஏழையோட புகைதான் சாஸ்தி. அதுக்கு வரிய எப்பிடிப் போட்டாங்கன்னு பாரு. 2017-ல ஜி.எஸ்.டி. வந்தப்ப சிகரெட்டுக்கு மேல செஸ்ஸுன்னு தனி வரி, பீடிக்கு அது இல்ல. 2025 செப்டம்பர்ல கூடிப் பேசி சிகரெட்டுக்கு 40 சதவீதம், பீடிக்கு 18 சதவீதம்னு முடிவு பண்ணுனாங்க. பீடி சுத்துறவங்க பொழைப்புங்காங்க. இருக்கட்டும். முக்கூடல், கடையம் பக்கம் மடியில மொறத்த வச்சிக்கிட்டு, தூள்ல தும்மிக்கிட்டே சுத்துறாளே, அவளுக்கு வேற நல்ல சோலி பாத்துக் குடுங்கய்யா. அதுக்காக ஏழையோட நெஞ்சுக்கு மட்டும் தள்ளுபடி போடணுமா?

அதனால சொல்லுதேன், அந்தப் பேனர அவுத்துரு. ஆட்டுக்கொட்டகைக்கு மழைக்கு ஆகும். பேனர் காச வச்சு வாசகசாலைப் பூட்டத் தொறக்க வழி பாரு, ரெண்டு பத்திரிகையும் ஒரு கேரம் போர்டும் வாங்கிப் போடு. பீடி இல்லாத ஒரு பெஞ்சு தெருவுக்கு வேணும். ஒன் சித்தப்பன் மேஸ்திரிதானே, ஆளுங்கள பத்து மணிக்கும் மூணு மணிக்கும் சும்மா உக்கார விடச் சொல்லு, கல்லு சொமக்குதவளையும் சேத்து. அந்த மூணு பெட்டிக்கடைச் செவுத்துலயும் கரியால ஒரு நம்பர எழுதிப் போடு. கட்டுலயும் பாக்கெட்டுலயும் அச்சடிச்சிருக்கிறதுதான், ஒத்தையா வாங்குறவன் கண்ணுல படாதது: 1800-11-2356. காசு கெடையாது, புகையிலைய விட வழி சொல்லுவாங்க. செவுத்துல எழுதுறதுக்கு முன்ன ஒன் செல்லுல ஒரு தடவ அடிச்சுப் பாரு.