வெண்ணெய் உருண்டையைத் தாங்கும் முறைகள்: தாம்பரக் குடும்பம் ஒன்றை முன்வைத்து

ஆய்வுச் சிக்கல்: சுற்றுலா போவது பார்ப்பதற்கா, படம் எடுப்பதற்கா? கருதுகோள்: இரண்டுக்கும் நேரம் இருக்கும். (காலை பத்து மணிக்கே பொய்த்தது.) ஆய்வு எல்லை: ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு கைப்பேசி, ஏழு பேர். களம்: மாமல்லபுரம். தாம்பரத்தில் 515 ஏறினால் வண்டலூர், கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாகப் போய்ச் சேரலாம்.

படநிலைகள் நால்வகைப்படும்.

அ. சன்னலோர நிலை: பாதி நம் முகம், பாதி முன்சீட்டுக்காரர் தலை.

ஆ. புளிசாத நிலை: எல்லார் வாயும் நிறைந்திருக்கும்போது எடுப்பது. எடுத்தவரோடு இரண்டு நாள் யாரும் பேசார்.

இ. கடற்கரைக் கோயில் நிலை: கோயிலைத் தவிர எல்லாம் தெரியும்.

ஈ. தாங்கு நிலை: இதுவே இவ்வாய்வின் உயிர்.

சரிவில் உருளாமல் நிற்கும் கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை ஏறக்குறைய இருபதடி உயரம், 250 டன் எடை. 1908இல் ஆளுநர் ஆர்தர் லாலி ஏழு யானைகளைக் கட்டி இழுத்தும் அசையவில்லை என்பது வழங்கிவரும் கதை. 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் இதன் முன்னே கைகோத்து உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டனர். கல்லைத் தாங்க இருவரும் முயலவில்லை என்பது நோக்கத்தக்கது. அதை என் மச்சான் இடது கையால் தாங்கினான். வலது கையில் சுண்டல் (மச்சான், பிற்பகல் 2.15).

தாங்கு நிலை ஒருகைத் தாங்கல், முதுகுத் தாங்கல், கூட்டுத் தாங்கல் என மூன்றாய் விரியும். கூட்டுத் தாங்கலில் எடுப்பவர் தரையில் படுத்தாக வேண்டும். "அத்தை, இன்னும் கொஞ்சம் தூக்குங்க, கல்லு தனியா நிக்குது" (படுத்திருந்தவர், நேர்காணல், முழங்கைச் சிராய்ப்புடன்). "கை வலிக்குது மாப்ள, எறக்கி வெச்சிடவா?" (அத்தை, மேலது). பதினேழு படங்கள். பதினாறில் யாரோ ஒருவர் கண் மூடியிருந்தார். பதினேழாவதில் பக்கத்துக் குடும்பத்துப் பையன் கல்லைத் தாங்கிக்கொண்டிருந்தான். இது குறித்த மாற்றுக் கருத்துக்குக் காண்க: சின்னத்தை, குடும்ப வாட்ஸப் குழு, இரவு 11.40, 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது', முழுவதும்.

முன்னோடி யார்? அர்ச்சுனன் தபசுப் பாறையில் கைகளைத் தலைக்கு மேல் தூக்கித் தவசி வேடத்தில் நிற்கும் பூனை. பல்லவர் காலத்தில் கொடுத்த போஸ், இன்னும் இறக்கவில்லை. சுற்றிலும் எலிகள் நம்பிக்கையோடு கூடியிருப்பது சில கருத்தரங்குகளை நினைவூட்டும். பாறையில் தவம் செய்பவர் அர்ச்சுனனா, பகீரதனா என்பதில் அறிஞர்கள் இன்னும் உடன்படவில்லை. அதன் முன்னே நின்று படம் எடுத்துக்கொள்வதில் மட்டும் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு இருப்பதாகத் தெரியவில்லை.

திரும்பும் பேருந்தில் அத்தையும் என் மகளும் ஏதோ குரங்கைப் பற்றிச் சிரித்துச் சிரித்துப் பேசினார்கள். எந்தக் குரங்கு? நான் பதினேழில் ஒன்றைத் தேர்ந்துகொண்டிருந்த நேரத்தில், தபசுப் பாறைக்கு அருகே இருக்கும் கல் குரங்குக் குடும்பத்தை இருவரும் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். தாய் குட்டிக்குப் பால் கொடுக்கிறது. இன்னொன்று தாய்க்குப் பேன் பார்க்கிறது.

அன்று எடுத்த 212 படங்களிலும் தேடினேன். ஒன்றில் அந்த இடம் இருந்தது. குரங்குகளைக் கச்சிதமாக மறைத்துக்கொண்டு மச்சான் இரண்டு விரல் காட்டி நின்றான்.

"மூணுல ஒண்ணுகூட கேமராவைப் பாக்கலப்பா" என்றாள் மகள்.

இக்கூற்று மேலாய்வுக்கு உரியது. அடுத்த ஞாயிறு மீண்டும் களப்பணி. நிதி நல்கை: அத்தையின் சுருக்குப்பை. நிபந்தனை: கைப்பேசி அத்தையிடம் இருக்கும்.