வெந்நீர் மட்டும் ஏன் நூலாக வருகிறது?

கேள்வி: குளியலறையில் பச்சைத் தண்ணீர் கொட்டுகிறது, வெந்நீர் நூலாக வருகிறது. பிளம்பர் புது கீசர் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: பர்ஸைத் திறக்குமுன் இன்னொரு குழாயைத் திறங்கள். அதே கீசரின் வெந்நீர் அங்கே நன்றாக வந்தால் கீசர் நிரபராதி. அடைப்பு குளியலறை மிக்ஸரில்தான். எல்லா இடத்திலும் நூல்தான் என்றால், கீசருக்குக் கீழே உள்ள ஆங்கிள் காக்கைப் பாருங்கள். கடைசியாகக் கை வைத்தவர் பாதி மூடிவிட்டுப் போயிருப்பார்!

அதுவும் சரியாக இருந்தால், என் சந்தேகம் உங்கள் போர் தண்ணீர் மேல். உப்புத் தண்ணீர் சூடானால் அதிலுள்ள கால்சியம் வெள்ளையாக இறுகிப் படியும். 60 டிகிரிக்கு மேல் வைத்தால் இன்னும் வேகமாகப் படியும். பச்சைத் தண்ணீர்க் குழாய்க்கு இந்தத் தொல்லை குறைவு. சுவிட்சை அணைத்து, தண்ணீரை மூடி, ஆறவிட்டு, வெந்நீர் வெளியேறும் குழாயைக் கழற்றி டார்ச் அடியுங்கள். உள்ளே முட்டை ஓடு போலப் பொரபொரவென்று ஒட்டியிருந்தால் சர்வீஸ் போதும், புது கீசர் வேண்டாம்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். சேஃப்டி வால்வு சொட்டுகிறதே என்று அதை அடைத்துவிடாதீர்கள். அழுத்தம் ஏறி டாங்க் வெடிக்கக்கூடும்.