அருணாசலம் ஹோலுக்குப் போகும் பிள்ளைக்கு

கே: மகனுக்குப் பேராதனையில் அருணாசலம் ஹோல் கிடைத்திருக்கிறது. அது யாருடைய பெயர்? (வவுனியா வாசகி)

ப: அவன் படிக்கப் போகும் பல்கலைக்கழகத்தைக் கேட்டு முன்னின்றவருடைய பெயர். சேர் பொன்னம்பலம் அருணாசலம் கேம்பிரிட்ஜில் படித்தவர். 1875இல் போட்டிப் பரீட்சை எழுதி சிவில் சேவைக்குள் நுழைந்த முதல் இலங்கையர். கடல் தாண்டித் தனக்குக் கிடைத்த படிப்பு இங்குள்ள பிள்ளைகளுக்கும் வேண்டுமென்று 1906இலேயே இயக்கம் நடத்தினார். 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி திறந்தது. அங்கும் பிள்ளைகள் எழுதியது லண்டன் பரீட்சைதான். 1924இல் அவர் காலமாகிவிட்டார். இலங்கைப் பல்கலைக்கழகம் பிறந்தது 1942இல், அது பேராதனைக்குக் குடிபெயர்ந்தது 1952இல். மகனின் பெட்டியில் சாமான் அடுக்கும்போது இந்தக் கதையையும் சொல்லி அனுப்புங்கள்.

கே: ராமநாதன் ஹோல் அவருடைய தமையனின் பெயரிலா?

ப: ஆம், இரண்டு வயது மூத்தவர். பேராதனையில் அவருக்கு ஒரு ஹோல். யாழ்ப்பாணத்தில் அதைவிடப் பெரிய நினைவு. திருநெல்வேலியில் அவர் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரி இருந்த இடத்தில்தான் 1974இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியது.

கே: மார்ஸ் ஹோலுக்கும் செவ்வாய்க் கிரகத்துக்கும் என்ன உறவு?

ப: ஒலி உறவு மட்டும். முன்னே சொன்ன கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் முதல் அதிபர் ரொபர்ட் மார்ஸ்.

கே: சங்கமித்தை ஹோல்?

ப: அசோகரின் மகள். வெள்ளரசுக் கிளையோடு கடல் கடந்து வந்தவர். வீட்டை விட்டு வந்து படிக்கும் பெண்களுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை.

கே: ஹோல் என்றால் ஹொஸ்டல்தானே, வேறென்ன?

ப: படுக்க இடம் தருவது ஹொஸ்டல். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் கட்ட விரும்பியது வதிவிடப் பல்கலைக்கழகம். பல ஊர்ப் பிள்ளைகள் ஒரே மேசையில் சாப்பிட்டு, ஒரே கூரையின் கீழ் விவாதித்து வளர்வதும் அங்கே படிப்புத்தான்.

கே: அப்படியானால் அருணாசலம், ராமநாதன் ஹோல்கள் தமிழருக்கு, ஜயதிலக ஹோல் சிங்களவருக்கு என்று பிரித்தார்களா?

ப: பெயரை வைத்துப் பாய் விரிக்கச் சொல்லவில்லை! 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவராக நின்றவர் இதே அருணாசலம். அவர் கேட்டது முழு இலங்கைக்கும் ஒரு பல்கலைக்கழகம். பக்கத்துக் கட்டிலில் மாத்தறைப் பையன் இருந்தால், மகன் அவனுக்கும் இந்தக் கதையைச் சொல்லட்டும்.