புகை போட்டு யாளி வரையும் கலை

டிராகன் அலுத்துவிட்டது, பென் டேப்லெட்டில் யாளி வரையலாம் என்று முடிவெடுத்திருக்கிறீர்கள். நல்ல முடிவு. சிங்க உடம்பு, யானைத் தும்பிக்கை, தந்தம், பிதுங்கிய கண். இதைவிட வேறென்ன வேண்டும்? கீழ்க்கண்ட படிகளை வரிசை மாறாமல் பின்பற்றினால், யாளியை ஒருமுறைகூட உற்றுப் பார்க்காமலேயே ஒரு யாளிப் படம் உங்கள் கைக்கு வந்துவிடும்.

படி 1: டேப்லெட் வாங்குங்கள்

பேனாவின் அழுத்தத்தை 2048 நிலைகளாகப் பிரித்தறியும் பழைய டேப்லெட் வீட்டில் இருக்கலாம். அது போதாது. 8192 நிலை உள்ளதையே வாங்குங்கள். உங்கள் கை அழுத்துவது இரண்டே விதம்தான்: ஒன்று லேசாக, மற்றொன்று கோபமாக. அதனாலென்ன? மிச்சமுள்ள 8190 நிலைகளும் ஒரு நம்பிக்கைக்குத்தான். சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் மட்டும் மூடும் கறுப்புக் கையுறை ஒன்றும் அவசியம். உள்ளங்கை வழுக்கிக்கொண்டு நகர்வதற்கு என்பார்கள். போட்டோவில் ஓவியர் மாதிரித் தெரிவதற்கும் அதுதான்.

படி 2: பிரஷ் சேகரியுங்கள்

க்ரிட்டா மென்பொருள் இலவசம். அதில் ஒரே சங்கடம், பணம் இல்லாததால்தான் வரையவில்லை என்று சொல்ல முடியாது. ஆகவே பிரஷ் இல்லாததால் வரையவில்லை என்று சொல்லுங்கள். செதில் பிரஷ், பிடரிமயிர் பிரஷ், தீப்பொறி பிரஷ் என்று இறக்கிக்கொண்டே இருங்கள். ஒவ்வொன்றிலும் உங்கள் பெயரை எழுதிப் பாருங்கள். புகை பிரஷ் மட்டும் பத்திரம். இந்த வழிகாட்டியே அதை நம்பித்தான் இருக்கிறது.

படி 3: கண்ணிலிருந்து தொடங்குங்கள்

ஏ3 அளவு, அங்குலத்துக்கு 300 புள்ளி: அதாவது 3508க்கு 4961 பிக்சல். பார்க்கப்போகிறவர்கள் செல்போனில் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே பார்ப்பார்கள் என்றாலும் அளவில் கஞ்சத்தனம் கூடாது. முழு உருவத்தையும் நாலு கோட்டில் போட்டுப் பார்க்கும் வழக்கம் சிலருக்கு உண்டு. நீங்கள் 800 சதவீதம் பெரிதாக்கி, நேராகக் கண்ணுக்குள் இறங்குங்கள். கருவிழி ஓரத்து ஈரம், அதில் ஒரு ஜன்னல் வெளிச்சம், எல்லாம் கச்சிதமாக வரட்டும். பிறகு படத்தைச் சுருக்கினால் கண் தாடையில் இருக்கும். நகர்த்திக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை: க்ரிட்டாவில் எம் விசையைத் தட்டினால் படம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறும். அதுவரை கம்பீரமாக இருந்த முகம் ஒரு பக்கம் சரிந்து கிடப்பது அப்போது பளிச்சென்று தெரிந்துவிடும். அந்த விசையின் பக்கமே போகாதீர்கள்.

படி 4: ஒட்டு தெரியாமல் ஒட்டுங்கள்

சிங்கப் படம் ஒன்று, யானைப் படம் ஒன்று. பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு சிங்கத்தின் மூக்கில் தும்பிக்கையைப் பொருத்துங்கள். இங்கேதான் வில்லங்கம். யானைக்கு மூக்கும் மேலுதடும் சேர்ந்து வளர்ந்ததுதான் தும்பிக்கை. அதைச் சிங்கத்துக்கு மாட்டினால் சிங்கத்தின் மேலுதடு எங்கே போகும்? உதடு இல்லாமல் எதைச் சுருக்கி அது உறுமும்? தந்தம் யானைக்கு வெட்டுப்பல், சிங்கத்தின் கூர்ப்பல்லோ கோரைப்பல். இரண்டும் ஒரே தாடையில் எப்படி வரிசையாக உட்காரும்?

இதையெல்லாம் சிற்பிகள் யோசித்திருக்கிறார்கள், பாவம். மதுரை புதுமண்டபத்திலோ வேலூர்க் கோட்டைக் கோயிலின் கல்யாண மண்டபத்திலோ போய்ப் பார்த்தால் தெரியும். சில கோயில்களில் யாளியின் வாய்க்குள் ஒரு கல் உருண்டை கிடக்கும். விரலால் உருட்டலாம், வெளியே எடுக்க முடியாது. அதே கல்லில், பல்லுக்கு உள்ளே செதுக்கியது. அந்த வாய்க்கு அண்ணம் உண்டு, ஆழம் உண்டு. பல தூண்களில் யாளியின் காலடியில் ஒரு யானை இருக்கும்; அந்தரத்தில் தொங்கினால் ஒடிந்துவிடக்கூடிய தும்பிக்கை, கீழிருக்கும் யானையோடு வந்து சேர்ந்திருக்கும். அழகுக்கு அழகு, பிடிமானத்துக்குப் பிடிமானம்.

உங்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது. தும்பிக்கை முளைக்கும் இடத்தில் புகை. தோள்பட்டை புரியவில்லையா, பிடரிமயிரை அந்தப் பக்கம் பறக்கவிடுங்கள். நகம் வரவில்லையா, தரையெங்கும் மூடுபனி.

படி 5: வெளிச்சம் போடுங்கள்

நிழலுக்கு மல்டிப்ளை லேயர், ஒளிக்கு ஓவர்லே லேயர். இடப்பக்கம் நீலம், வலப்பக்கம் ஆரஞ்சு. இரண்டு வெளிச்சமும் எங்கிருந்து வருகின்றன என்று எவரும் கேட்கமாட்டார்கள். கேட்டால் லேசாக இன்னும் கொஞ்சம் தீப்பொறி தூவுங்கள்.

வழக்கமான சந்தேகங்கள்

*தும்பிக்கை ஒட்டவைத்த குழாய் மாதிரி இருக்கிறது என்கிறார்களே?*

அது உங்கள் ஸ்டைல் என்று சொல்லிவிடுங்கள்.

*யாளியின் பின்னங்கால் எந்தப் பக்கம் மடங்கும்?*

இது விவகாரமான கேள்வி. எதிர்வீட்டுப் பூனை சோம்பல் முறிக்கும்போது பாருங்கள். பின்பக்கமாக மடங்கும் முழங்கால் என்று நாம் நினைப்பது உண்மையில் அதன் குதிகால். பூனை விரல்களை ஊன்றி நடக்கிறது. நிஜ முழங்கால் மேலே, வயிற்றை ஒட்டி இருக்கிறது. சிங்கத்துக்கும் அப்படித்தான். ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துப் பத்துப் பூனைக்கால் வரைந்தால் பிடிபட்டுவிடும். ஆனால் ஒன்று, அப்புறம் புகை பிரஷ்ஷுக்கு வேலை இருக்காது. இந்த வழிகாட்டிக்கும்தான்.