பேன் பார்க்கும் சீப்பு

கே: கோடில் தப்பு கண்டுபிடிக்கும் கருவிக்கு ‘லின்ட்’ என்று பேராமே? என்ன பேர் இது? (கோச்சடை வாசகர்)

ப: அந்தக் காலத்தில் ஹார்வி பஞ்சு மில்லில் ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் தலையைத் தட்டினால் உதிருமே, அந்தப் பஞ்சுத் துகள். பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் 1978இல் சி மொழி நிரல்களில் ஒட்டிக்கிடந்த தூசியைப் பொறுக்க ஒரு கருவி எழுதி இந்தப் பேரை வைத்தார்.

கே: நிரலை ஓட்டாமலே தப்பு எப்படித் தெரியும்? (திருமங்கலம் மாணவி)

ப: மாட்டுத்தாவணியில் பஸ் போர்டில் ராஜபாளையம் என்றும் கீழே அதற்கு எதிர்த்திசையில் ‘வழி மேலூர்’ என்றும் எழுதியிருந்தால், ஏறி உட்கார்ந்தா கண்டுபிடிப்பீர்கள்? 2014 பிப்ரவரியில் ஆப்பிள் திருத்திய பிழை அந்த ரகம். ‘கோட்டூ ஃபெயில்’ என்ற வரி அடுத்தடுத்து இரண்டு தடவை விழுந்திருந்தது. முதல் வரி ‘இஃப்’ சொன்னால் மட்டும் குதிக்கும். இரண்டாவது யார் சொல்லையும் கேட்காமல் எப்போதும் குதித்தது. அதற்குக் கீழே இருந்த கையொப்பச் சரிபார்ப்புக்கு முறையே வரவில்லை. இந்த வரியை எட்டவே முடியாது என்று சொல்லும் எச்சரிக்கை கிளாங் கம்பைலரில் இருந்தது. ஆனால் ‘எல்லாம்’ என்று பேர் வைத்த ஸ்விட்சைப் போட்டாலும் அது வராது, தனியாகக் கேட்கணும். அன்லிமிடெட் மீல்ஸில் அப்பளம் ஒன்றுதான் என்கிற மாதிரி.

கே: எச்சரிக்கை எண்ணிக்கை பூஜ்யமாக வேண்டும் என்கிறார் டீம் லீடர். செய்துவிடவா? (வடபழஞ்சி ஐ.டி. ஊழியர்)

ப: முதலில் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து டெபியன் லினக்ஸ் கதையைச் சொல்லுங்கள். 2006இல் அங்கே ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நிரலை ‘வால்கிரைண்ட்’ கருவி சோதித்து, மதிப்பே போடாத நினைவகத்தைப் படிக்கிறீர்கள் என்று புலம்பியது. புலம்பல் நிற்க இரண்டு வரிகளை நீக்கினார்கள். அதில் ஒன்றுதான் ரகசியச் சாவிக்குத் தேவையான தற்செயல் எண்களைக் கலக்கிக்கொண்டிருந்த வரி! மிஞ்சியது இயங்கும் நிரலின் வரிசை எண் மட்டும், அதிகபட்சம் 32,768. ஒரு கணினி உட்கார்ந்து வரிசையாகப் போட்டுப் பார்த்துவிடலாம். 2008 மே மாதம் விஷயம் வெளியே வந்தபோது, உபுண்டு உட்பட டெபியன் வழி வந்த கணினிகளிலும் சாவியை மாற்ற வேண்டியதாயிற்று. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது என்பார்களே, அதுதான். வரி எதற்காக இருக்கிறது என்று தெரியாமல் டெலீட் பட்டனில் கை வைக்காதீர்கள்.

கே: ஒரு தப்பையும் விடாத கருவி எப்போது வரும்? (தல்லாகுளம்)

ப: ஒன்றையும் விடாமல், சும்மாவும் கத்தாமல் இருக்கும் கருவி வராது. 1953இல் ஹென்றி ரைஸ் கணக்குப் போட்டே நிரூபித்துவிட்டார் (ரைஸ் என்றதும் முனியாண்டி விலாஸ் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை). அதனால்தான் ஒரு கருவி சும்மா கத்துகிறது, இன்னொன்று தூங்குகிறது. 2014 ஏப்ரலில் வெளிவந்த ஹார்ட்பிளீட் என்ற பிழையைப் பார்க்காமல் பல கருவிகள் தூங்கின. ஒரு ரூபாயை நீட்டி, ‘ஐநூறு கொடுத்தேன், சில்லறை கொடு’ என்று கேட்டால், வாங்கியதை எண்ணிப் பார்க்காத கண்டக்டர் என்ன செய்வார்? பையைக் கவிழ்ப்பார். அந்தப் பிழை இருந்த நிரலும் நினைவகத்தைக் கவிழ்த்தது.

கே: கருவியே திருத்திக் கொடுக்காதா? (மேலூர்)

ப: கொடுக்கும். வருஷத்தை இரண்டே இலக்கத்தில் எழுதிவைத்த பழைய நிரல்களுக்கு 2000 பிறக்கப்போகிறது என்று காய்ச்சல் வந்தபோது, டிசிஎஸ் கருவிகள் செய்து தொழிற்சாலை போலவே அவற்றை மாற்றியது. நோய் என்னவென்று தெளிவாகத் தெரிந்ததால் சாத்தியமாயிற்று.

கே: பைத்தானில் தமிழிலேயே பேர் வைக்கிறேன். வரி நீளம் என்று கருவி திட்டுகிறது. என் எண்ணிக்கைப்படி நீளமில்லையே? (அவனியாபுரம்)

ப: உங்கள் எண்ணிக்கையும் சரி, அதன் எண்ணிக்கையும் சரி. ‘மதுரை’ நமக்கு 3 எழுத்து. கணினிக்கு ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி என்று 5. வரிக்கு 79தான் என்பது பைத்தான் வழக்கம். வரம்பை 100 ஆக்கிக்கொள்ளுங்கள். ‘திருப்பரங்குன்றம்’ வைப்பதானால் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள், அது 17.