எந்தக் கதவைத் தட்டுவது?

உயர்தரப் பெறுபேறு வருகிற காலத்தில் கடிதங்களும் கச்சான் காற்றுப்போல ஒரே பக்கத்திலிருந்து வரும். இம்முறை வந்தவற்றில் பலவும் கேட்டது ஒன்றைத்தான்: அரசறிவியல் படிக்கலாமா? ஆகவே இந்தப் பக்கம் முழுவதும் மன்னார்த் தீவுக்கும் அதை அடுத்த பெருநிலத்து ஊர்களுக்கும்.

● அரசறிவியலைப் பட்டப்படிப்பாக எடுக்க ஆசை. வீட்டில் "அரசியல் ஒரு சாக்கடை, அதுக்குள்ள போய் என்னத்தைப் படிக்கிறது?" என்கிறார்கள். என்ன சொல்ல?
(உயர்தர மாணவி, பேசாலை)

வீட்டு வாசலில் வாய்க்கால் நாறினால் எத்தனை நாளைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு இருப்பது, தங்கச்சி? அதைக் கட்டியது பிரதேச சபையா, வீதி அபிவிருத்தி அதிகார சபையா? துப்புரவுக்குக் காசு ஒதுக்கினார்களா? ஒதுக்கிய காசு எங்கே போனது? இதைக் கேட்க வீட்டுக்கு ஒருவராவது படித்திருக்க வேண்டும். அந்தப் படிப்புக்குப் பெயர்தான் அரசறிவியல்.

● மகள் கம்பஸில் அரசியல் படிக்கப் போகிறாளாம். நாளைக்குத் தேர்தலில் நிற்பாளோ என்று தாய்க்குப் பயம்.
(தந்தை, தலைமன்னார் பியர்)

வானிலை படித்தவர் மழையைப் பெய்விப்பதில்லை, ஐயா. எந்த நாளில் கடலுக்கு இறங்கக் கூடாது என்று சொல்வார். உங்கள் மகள் படிக்கப்போவதும் அப்படிப்பட்ட ஒன்றுதான். அரிஸ்டாட்டில் முதல் மார்க்ஸ் வரை ஆட்சியைப் பற்றி மனிதர் என்ன நினைத்தார்கள் என்பது ஒரு பகுதி. பிரித்தானியா, அமெரிக்கா, பிரான்ஸ், இந்தியா, சுவிற்சர்லாந்து ஆகிய நாடுகள் தங்களை எப்படி ஆள்கின்றன என்று ஒப்பிட்டுப் பார்ப்பது இன்னொரு பகுதி. இலங்கையின் அரசியலமைப்பு, பொது நிருவாகம், சர்வதேச உறவுகள், ஆய்வு செய்யும் முறை எல்லாம் உண்டு. படித்து முடித்துத் தேர்தலில் நின்றாலும் கலங்காதீர்கள். விளங்கிக்கொண்டு நிற்பவரால் ஊருக்கு நன்மைதான்.

● சட்டமா, அரசறிவியலா?
(மாணவன், விடத்தல்தீவு)

விதி என்ன சொல்கிறது என்பதைச் சட்டம் படித்தவர் சொல்வார். அந்த விதியை யார் எழுதினார், எதற்காக எழுதினார், அதனால் யாருக்கு லாபம் என்பதை அரசறிவியல் படித்தவர் சொல்வார். எந்தக் கேள்வி உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறதோ அதைப் படியுங்கள்.

● எங்கள் மாவட்டத்துக்கென்று தனியாக நாடாளுமன்றத் தேர்தல் மாவட்டம் ஏன் இல்லை?
(வாக்காளர், சிலாவத்துறை)

இலங்கையில் நிருவாக மாவட்டங்கள் 25, தேர்தல் மாவட்டங்கள் 22. கணக்கு இடிக்கும் இடம் நம் வடக்குத்தான். கிளிநொச்சி யாழ்ப்பாணத்தோடு சேர்ந்தது. மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்து வன்னித் தேர்தல் மாவட்டமாயின. அதற்கு 6 ஆசனங்கள். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு கொண்டுவந்த விகிதாசார முறையில் தேர்தல் மாவட்டம் முழுவதற்கும் வாக்கு எண்ணப்படுகிறது. ஆகவே மன்னாரில் சிதறும் வாக்கு வவுனியாவில் கணக்கைத் தீர்க்கும். முல்லைத்தீவில் குவியும் வாக்கு மன்னாரின் ஆளைத் தள்ளிவிடும். தேர்தல் மாவட்டத்தில் 5 வீதம் எடுக்காத கட்சிக்கு அங்கே ஆசனமே இல்லை.

வடக்கு மாகாண சபையில் மன்னாருக்கு 5 ஆசனங்கள் உண்டு. ஆனால் அந்தச் சபைக்குத் தேர்தல் நடந்தது 2013 செப்டெம்பரில். பதவிக்காலம் 2018இல் முடிந்தது. அதன் பிறகு தேர்தல் இல்லை. ஆசனம் கடதாசியில் இருக்கிறது, அதில் இருக்க ஆளில்லை. இதை ஒரு குறையாகப் புலம்பாமல் ஒரு கேள்வியாக எழுப்பத் தெரிவதுதான் படிப்பு.

● படித்தவர்களுக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும்? இந்திய இழுவைப்படகு வந்து வலையை அறுத்தால் உங்கள் அரசறிவியல் வந்து தைத்துத் தருமா?
(தொழிலாளி, பள்ளிமுனை)

தைத்துத் தராது, அண்ணை. ஆனால் வலை ஏன் திரும்பத் திரும்ப அறுகிறது என்று சொல்லும். நம் தீவுக்கு வடக்கே பாக்கு நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. இரண்டு கடல், இரண்டு உடன்படிக்கை. வடபக்கத்து எல்லைக்கோட்டை 1974இலும் தென்பக்கத்து எல்லைக்கோட்டை 1976இலும் இந்தியாவும் இலங்கையும் ஒப்புக்கொண்டன. கோடு போட்ட மேசையில் பள்ளிமுனையிலிருந்தோ இராமேசுவரத்திலிருந்தோ ஒரு தொழிலாளி இருக்கவில்லை. 2017இல் இலங்கை நாடாளுமன்றம் இழுவைமடித் தொழிலையே சட்டத்தால் தடைசெய்தது. சட்டம் வந்த பிறகும் படகு வருகிறது. சட்டத்துக்கும் கடலுக்கும் இடையில் கடற்படை இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது, புதுடில்லியும் கொழும்பும் இருக்கின்றன, தமிழ்நாட்டுத் தேர்தல் இருக்கிறது, அந்தப் பக்கத்துத் தொழிலாளியின் கடனும் இருக்கிறது. இத்தனை முடிச்சையும் ஒவ்வொன்றாக அவிழ்த்துக் காட்டுகிற பிள்ளை உங்கள் வீட்டிலிருந்து வந்தால், அடுத்த பேச்சுவார்த்தையில் உங்களுக்காகப் பேச வெளியாள் தேவைப்படாது.

● காற்றாலைக்கு எதிராக நாங்கள் வீதியில் நின்றோம். இதற்கெல்லாம் பாடத்தில் இடம் உண்டா?
(இளைஞர், தாழ்வுபாடு)

ஒரு பட்டத்துக்கே போதுமான பாடம் உங்கள் கரையில் நிற்கிறது. தீவின் தென்கரையில் மின்சார சபை கட்டிய தம்பபவனிக் காற்றாலைகள் 30, மொத்தம் 103.5 மெகாவாட். அதற்கு மேலும் கட்ட முனைந்த அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. மற்றைய திட்டங்கள் நிற்கவில்லை. 2025 ஆகஸ்டில் மன்னார் மக்கள் காற்றாலைப் பாகங்கள் தீவுக்குள் வருவதை எதிர்த்து இறங்கினார்கள். கூடவே கனிய மணல் அகழ்வுக்கும் எதிர்ப்பு.

நாட்டுக்குப் புகையில்லாத மின்சாரம் வேண்டும் என்பது உண்மை. மழைநீர் ஓடும் வழியும், மீன்பிடியும், வங்காலைச் சரணாலயத்துக்கு வரும் வலசைப் பறவைகளும் காப்பாற்றப்பட வேண்டும் என்று தீவார் கேட்பதும் நியாயம். இரண்டு நியாயங்கள் மோதும்போது யார் தீர்ப்பது? அமைச்சா, மின்சார சபையா, சுற்றாடல் அதிகார சபையா, மாவட்டச் செயலகமா? மக்களிடம் எந்தக் கட்டத்தில் கேட்டிருக்க வேண்டும்? கோஷம் போட்ட அதே வாயால் இந்தக் கேள்விகளையும் கேட்டால் கோஷத்துக்கு எலும்பு முளைக்கும். கம்பஸ் போனால் ஆய்வுக் கட்டுரைக்கு வேறு தலைப்புத் தேடி அலையாதீர்கள்.

● 1990இல் எங்களை ஊரைவிட்டு அனுப்பியதையும் இந்தப் பாடம் பேசுமா?
(ஆசிரியர், எருக்கலம்பிட்டி)

பேசியே ஆக வேண்டும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். எருக்கலம்பிட்டியும் அதில் வெறிச்சோடியது. புத்தளம் கரையில் ஒரு தலைமுறை அகதி முகாமில் வளர்ந்தது. சிறுபான்மையின் உரிமை பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிற நாம், சிறுபான்மைக்குள் இருக்கும் சிறுபான்மைக்கு என்ன செய்தோம் என்று கேட்காவிட்டால் அந்தப் பக்கங்கள் வெற்றுத்தாள்தான். திரும்பி வந்தவர்களின் காணி, வாக்காளர் பதிவு, பள்ளிக்கூடம் ஆகியவை இன்றும் ஆய்வுக்குரிய விடயங்கள். உங்கள் மாணவர்களையே இதை எழுதச் சொல்லுங்கள், ஆசிரியரே. வலியை அறிந்த கை எழுதினால் வரலாறு நேராக நிற்கும்.

● பெண்பிள்ளைக்கு இது ஏற்ற படிப்பா?
(தாய், வங்காலை)

1931இல் இலங்கை சர்வசன வாக்குரிமை பெற்றபோது பெண்களுக்கும் சேர்த்தே கிடைத்தது, அம்மா. பிரான்சின் பெண்களுக்கு அது கிடைக்க 1944 வரை ஆனது. 1960இல் உலகின் முதல் பெண் பிரதமரும் இங்கேதான். அப்படியிருந்தும் உள்ளூராட்சி சபைகளில் பெண்கள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்தார்கள். அதனால்தான் 25 வீத ஒதுக்கீடு சட்டமாகி, 2018 தேர்தலில் நடைமுறைக்கு வந்தது. இப்போது ஆசனம் இருக்கிறது. அதில் அமர்ந்து வரவுசெலவுத் திட்டத்தை வாசித்துக் கேள்வி கேட்கும் பெண்கள் வேண்டும். உங்கள் மகளை அனுப்புங்கள்.

● வேலை கிடைக்குமா? நேராகச் சொல்லுங்கள்.
(தாய், முருங்கன்)

நேராகவே சொல்கிறேன். பட்டத்தை மட்டும் கையில் வைத்திருந்தால் கிடைக்காது. கலைப் பட்டதாரிகள் வேலை கேட்டு வீதியில் இருந்ததை நாடே பார்த்திருக்கிறது. ஆனால் இந்தப் படிப்பு திறக்கும் கதவுகள் பல: இலங்கை நிருவாக சேவை, வெளிநாட்டுச் சேவை, ஆசிரியத் தொழில், ஊடகம், ஆய்வு நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்கள். நிருவாக சேவைப் போட்டிப் பரீட்சைக்கு எந்தத் துறைப் பட்டதாரியும் தோற்றலாம். ஆட்சி எப்படி நடக்கிறதென்று ஏற்கெனவே படித்தவருக்கு அது சொந்த முற்றம். பட்டம் தோணி என்றால் மொழி துடுப்பு. தமிழில் ஆழமாக, ஆங்கிலத்தில் தாராளமாக, சிங்களத்தில் பயமில்லாமல் எழுதவும் பேசவும் பழகட்டும். முதலாம் வருடத்திலேயே தொடங்கினால் நான்காம் வருடத்தில் உங்களுக்குக் கவலை இராது.

● எங்கே படிக்கலாம்?
(மாணவி, நானாட்டான்)

யாழ்ப்பாணம், பேராதனை, கொழும்பு, கிழக்கு, தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களில் அரசறிவியல் படிக்கலாம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை வாங்கி, மொழிமூலத்தையும் தேவையான பாடங்களையும் வரிவரியாகப் பாருங்கள். பல கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் நாடு தழுவிய இசட் புள்ளி வரிசைக்கும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கும், 5 வீதம் கல்வி வாய்ப்புக் குறைந்த மாவட்டங்களுக்கும் போகின்றன. அந்தக் கடைசிப் பட்டியலில் மன்னாரும் உண்டு. இந்தப் பங்கீடு ஏன் வந்தது, யாருக்கு நியாயம் என்பதே அரசறிவியலின் சூடான விவாதங்களில் ஒன்று. பாடத்துக்குள் போகும் வாசலிலேயே முதல் பாடம் காத்திருக்கிறது.

● தமிழர்கள் இந்தத் துறையில் என்ன செய்திருக்கிறார்கள்?
(வாசகர், உப்புக்குளம்)

ஏ.ஜே. வில்சன் என்ற பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். பேராதனையில் அரசறிவியல் பேராசிரியராக இருந்து, பிறகு கனடாவின் நியூ பிரன்ஸ்விக் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். தந்தை செல்வாவின் மருமகன். 1978 அரசியலமைப்பைப் பிரான்சின் டி கோல் முறையோடு ஒப்பிட்டு 1980இல் ஒரு நூலே எழுதினார். நீலன் திருச்செல்வம் அரசியலமைப்புச் சட்ட அறிஞர். அதிகாரப் பகிர்வுக்காக உழைத்து 1999 ஜூலையில் குண்டுக்குப் பலியானார். இன்னும் பின்னால் போனால், திருக்குறளின் பொருட்பால் 70 அதிகாரங்களில் அரசும் அமைச்சும் குடியும் விரிகின்றன. 10ஆம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டு, பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவருக்குக் குடவோலைத் தேர்தலில் இடமில்லை என்கிறது. அன்றைய சபை நிலமும் வேதக் கல்வியும் உள்ள ஆண்களுக்கு மட்டுமே திறந்திருந்தது என்பதையும் மறக்காமல் படிக்க வேண்டும். கணக்குக் கேட்பது நமக்குப் புதிதில்லை. எல்லாரும் கேட்கலாம் என்பதுதான் புதிது.

● எனக்குக் கம்பஸ் கிடைக்கவில்லை. கடையில் நிற்கிறேன். எனக்கு இதில் என்ன இருக்கிறது?
(இளைஞர், அடம்பன்)

பாதிக்கு மேல் இருக்கிறது, தம்பி. திறந்த பல்கலைக்கழகமும் வெளிவாரிப் பட்டமும் பிந்திப் படிப்பவர்களுக்காகத்தான். அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. அரசியலமைப்பு தமிழில் கிடைக்கிறது. அதன் மூன்றாம் அத்தியாயத்தில் உங்கள் அடிப்படை உரிமைகள் இருக்கின்றன. ஓர் இரவில் வாசித்துவிடலாம். 2016இன் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எந்தப் பிரசையும் அரச நிறுவனமொன்றிடம் தகவல் கேட்கலாம். ஏன் கேட்கிறாய் என்று அலுவலர் கேட்க முடியாது. தருவதா இல்லையா என்று 14 வேலைநாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு, அதற்கு மேலே ஆணைக்குழுவும் உண்டு.

மன்னாரின் பல முடிவுகள் மன்னாருக்கு வெளியேதான் எடுக்கப்படுகின்றன. எது எந்த மேசையில் முடிவாகிறது என்று தெரியாத ஊர், எல்லாக் கதவையும் தட்டிக் களைத்துப்போகும். தெரிந்த ஊர் சரியான கதவை ஒரே தடவை தட்டும். ஆகவே இந்த மாதம் ஒரு வேலை செய்யுங்கள், நீங்களும் இந்தப் பக்கத்தை வாசிக்கும் ஒவ்வொருவரும். உங்கள் ஊரில் முடிவடையாமல் கிடக்கும் ஒரு வீதியையோ குளத்தையோ கட்டடத்தையோ தெரிவுசெய்யுங்கள். அதற்கு எவ்வளவு காசு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு செலவானது என்று தகவல் கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். பெயர், திகதி போட்டு, பிரதி ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வரும் பதிலை எனக்கும் அனுப்புங்கள். இந்தப் பக்கத்தில் அச்சிடுவேன்.