21 பேரைக் காவு வாங்கிய இரும்புச் சாமி

அமெரிக்காவில், சார்ல்ஸ்டன் நகரத்தை ஒட்டி, ஓர் இரும்புச் சாமி இருக்கிறது. பெயர் ஹன்லி; அமெரிக்க உள்நாட்டுப் போரில் தெற்குத் தரப்பின் நீர்மூழ்கி. நீளம் சுமார் 40 அடி. ரசாயனத் தொட்டிக்குள் பள்ளிகொண்டிருக்கிறது. டிக்கெட் எடுத்தால் தரிசனம். காசு கொடுத்தால் தொப்பி, பனியன் பிரசாதம்.

சாமியின் திருவிளையாடல்களைக் கேளுங்கள். 1863 ஆகஸ்டில் கரையோரத்திலேயே மூழ்கி 5 பேரை விழுங்கியது. தூக்கினார்கள். அக்டோபரில் ஒத்திகையின்போது 8 பேர்; பணம் போட்ட ஹொரஸ் ஹன்லியும் அதில் அடக்கம். மறுபடியும் தூக்கினார்கள், பிணங்களை வாரி வெளியே போட்டார்கள், புதிதாக ஆள் பிடித்தார்கள். 1864 பிப்ரவரி 17 இரவு, நிமிர்ந்து நிற்க முடியாத அந்தக் குழாய்க்குள் 7 பேர் வரிசையாகக் குந்தி, கையால் கிராங்க் சுற்றினார்கள். அவர்களின் தலைவர் ஜார்ஜ் டிக்சன் திசை பிடித்தார். நீண்ட கம்பின் முனையில் வெடிமருந்து. ஹூசடானிக் என்ற வடக்குத் தரப்புக் கப்பல் மூழ்கியது. ஹன்லியும் திரும்பவில்லை. செத்த எதிரிகள் 5 பேர். செத்த சொந்த ஆட்கள், மூன்று தவணையில், 21 பேர். போர்க்கப்பலை மூழ்கடித்த முதல் நீர்மூழ்கி என்று மார்தட்டுகிறவர்கள் இந்த இரண்டாவது எண்ணை மெல்லிய குரலில்தான் சொல்வார்கள்.

1995இல் ஹன்லியைக் கடலடியில் கண்டுபிடித்தார்கள். 2000 ஆகஸ்ட் 8இல் கிரேன் வைத்துத் தூக்கினார்கள். கரையெல்லாம் கைதட்டல். 2004இல் கடைசி 8 பேருக்கும் ராஜ மரியாதையோடு இறுதி ஊர்வலம். சாம்பல் நிறச் சீருடை மாட்டிக்கொண்டு ஆயிரக்கணக்கில் பின்னால் நடந்தார்கள்.

நல்லது. முதலில் செத்த 5 பேர் எங்கே கிடந்தார்கள் தெரியுமா? கால்பந்து மைதானத்துக்கு அடியில்! புதைத்த இடத்தின் மேலேயே மைதானம் கட்டி, அரை நூற்றாண்டு விசில் அடித்து விளையாடிவிட்டு, 1999இல்தான் தோண்டி எடுத்தார்கள். இரும்பைத் தேடிக் கடலைச் சல்லடை போட்டவர்களுக்கு, காலடியில் கிடந்த எலும்பு கண்ணில் படவில்லை.

எதைக் காக்க இத்தனை சாவு? ‘மாநில உரிமை’ என்பார்கள். உரிமையாம் உரிமை! சார்ல்ஸ்டன் இருக்கும் தெற்குக் கரோலினா மாநிலத்தின் 1860 பிரிவினைப் பிரகடனத்தை எடுத்துப் படியுங்கள். அடிமை முறைக்கு ஆபத்து என்றுதான் கூசாமல் எழுதி வைத்திருக்கிறார்கள். ஹன்லி மேலே வந்த அதே 2000இல், அதற்குச் சில வாரம் முன்னால்தான், தெற்குத் தரப்பின் கொடி மாநிலச் சட்டமன்றக் கோபுரத்திலிருந்து இறங்கியது. இறங்கியது எங்கே? அதே வளாகத்து வாசலுக்கு! 2015இல் இதே சார்ல்ஸ்டனில் ஒரு வெள்ளை இனவெறியன் தேவாலயத்துக்குள் புகுந்து 9 கறுப்பின மக்களைச் சுட்டுக் கொன்ற பிறகே வளாகத்தை விட்டுப் போனது.

கிராங்க் சுற்றியவர்களுக்குத் துணிச்சல் இருந்தது; இல்லை என்று யார் சொன்னது? அந்தத் துணிச்சலைச் செலவழித்தது 40 லட்சம் அடிமைகளின் விலங்கு கழன்றுவிடாமல் பார்த்துக்கொள்ள. 21 பேருக்கு மாலை போடுகிறவர்களே, அந்த 40 லட்சம் பேரையும் கணக்கில் எழுதிவிட்டு அப்புறம் கும்பிடுங்கள்.